மூளையின் மெஸ் பில்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "பத்து வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரி மெஷின்களோட குப்பை கொட்டறியே, அதைப் பத்தி ஏதாவது பேசேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முந்தின அரை மணி நேரம் எனக்கு! சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவன் பேச்சைப் பசி கேட்க விடாது, பின்னால் பேசுகிறவன் பேச்சைத் தூக்கம் கேட்க விடாது. ஆனால் நான் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு இந்த நேரம் பொருத்தம்தான். மூளை எவ்வளவு சாப்பிடுகிறது, அதை எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் மூளையின் வரவு செலவைப் பார்ப்போம். ஒரு சராசரி மனிதனின் மூளை சுமார் 1.4 கிலோ. உடம்பின் எடையில் 2 சதவீதம். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதம் இந்த ஒருவருக்கே போகிறது. அவருடைய சாப்பாடு குளுகோஸ், அதாவது ரத்தத்தில் ஓடும் சர்க்கரை. நீண்ட பட்டினியில் வேறு எரிபொருளுக்கும் கொஞ்சம் பழகிக்கொள்வார். மற்றபடி குளுகோஸ்தான். சேமித்து வைக்கும் பழக்கம் அவரிடம் அநேகமாகக் கிடையாது. ஈரலும் தசையும் அந்த வேலையைச் செய்கின்றன. மூளை அன்றாடங்காய்ச்சி. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிட்ட பெரியவர்கள் வியர்த்து, உளறி, மயங்கி விழுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சப்ளை நின்றதும் மூளை போடும் கூச்சல் அது.

எவ்வளவு சாப்பிடுகிறது? 100 கிராம் மூளைக்கு ஒரு நிமிஷத்தில் சுமார் 5.5 மில்லிகிராம் குளுகோஸ். இன்ஜினீயரிங் கல்லூரியில் இருக்கிறோம், கணக்கை முடித்துவிடுவோம். 1,400 கிராமுக்கு 14 மடங்கு, ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம். பெருக்கினால் ஏறக்குறைய 110 கிராம் வருகிறது. கால் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கிராமுக்கு 4 கிலோ கலோரி என்று வைத்து, வாட் கணக்குக்கு மாற்றினால் 20, 21 வாட். ஒரு சின்ன டியூப் லைட்! திருக்குறளும் தெர்மோடைனமிக்ஸும் பழைய சண்டைகளும் பரீட்சை பயமும் எல்லாமே இந்த 20 வாட்டில்தான் ஓடுகின்றன.

இந்த 5.5 என்ற எண்ணை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1940-களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸீமோர் கெட்டி, கார்ல் ஷ்மிட் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். ஆளை நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைக் கொஞ்சமாகச் சுவாசிக்கச் சொன்னார்கள். மூளைக்குள் போகும் ரத்தத்தைத் தமனியிலிருந்தும், மூளையிலிருந்து திரும்பும் ரத்தத்தைக் கழுத்துச் சிரையின் மேல் முனையிலிருந்தும் எடுத்தார்கள். வாயு எவ்வளவு வேகமாக மூளையில் நிறைகிறது என்பதை வைத்து ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள். அப்புறம் சுலபம். உள்ளே போன சர்க்கரையில் வெளியே வந்த சர்க்கரையைக் கழித்து, ரத்த ஓட்டத்தால் பெருக்கினால் செலவு. வாய்க்காலின் தலைமடையிலும் கடைமடையிலும் தண்ணீரை அளந்தால் வயல் குடித்தது தெரியும் அல்லவா, அதே கணக்கு. இரண்டாம் வருஷத்தில் நாம் போட்ட மாஸ் பேலன்ஸ்தான்.

ஆனால் இதில் ஒரு குறை. அதைச் சொல்ல நம் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வாருங்கள். அங்கே டிவைடிங் சிஸ்டம். மாசத்துக்கு எத்தனை மூட்டை அரிசி போச்சு, எத்தனை லிட்டர் எண்ணெய் போச்சு என்று கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுவார்கள். பதினைந்து சப்பாத்தி சாப்பிடும் என் ரூம் மேட்டுக்கும் அதே பில், வெள்ளிக்கிழமையே ஊருக்கு ஓடிவிடும் எனக்கும் அதே பில்! கெட்டியும் ஷ்மிட்டும் கொடுத்தது இந்த மாதிரி மொத்த பில். மூளையின் எந்த அறை எவ்வளவு சாப்பிட்டது என்பது அதில் தெரியாது.

இது சின்னக் குறை இல்லை. 1955-இல் லூயிஸ் ஸோகோலாஃப் என்ற விஞ்ஞானி, கெட்டி முதலானவர்களோடு சேர்ந்து, ஆட்களை மனக்கணக்குப் போடச் சொல்லி அளந்து பார்த்தார். மூளையின் மொத்த ஆக்ஸிஜன் செலவு மாறவே இல்லை! கணக்குப் போட்டாலும் ஒன்று, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒன்று. கடைசி பெஞ்சு நண்பர்கள் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். எங்கோ ஒரு மூலையில் செலவு கூடியிருக்கும், 1.4 கிலோவின் சராசரியில் அது கரைந்துவிட்டது. மூளை சும்மா இருப்பதாக நாம் நினைக்கும்போதும் அது முழுச் சம்பளத்துக்கு வேலை செய்கிறது.

அறைவாரியாகக் கணக்கு எடுப்பது எப்படி என்பதே ஸோகோலாஃபின் கேள்வியாகிவிட்டது. சர்க்கரைக்குக் கதிரியக்க அடையாளம் போட்டு அனுப்பிப் பின்தொடரலாம். ஆனால் குளுகோஸ் சில நிமிஷங்களில் எரிந்து, அந்த அடையாளம் கார்பன் டை ஆக்ஸைடாக ரத்தத்தோடு கிளம்பிவிடும். போய்ப் பார்ப்பதற்குள் ஆள் இருக்கமாட்டார்.

இதற்கு அவர் பிடித்தது ஒரு போலிச் சர்க்கரை. பெயர் டி-ஆக்ஸி-குளுகோஸ். குளுகோஸின் இரண்டாவது கார்பனில் இருக்கும் ஒரு ஆக்ஸிஜன் இதில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ரத்தத்திலிருந்து செல்லுக்குள் அழைத்துப் போகும் புரதத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது, உள்ளே விட்டுவிடும். முதல் படியில் வேலை செய்யும் ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதிக்கும் தெரியாது. அது வழக்கம்போல ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அடுத்த படியில்தான் குட்டு வெளிப்படும். இரண்டாவது கார்பனில் ஆக்ஸிஜன் இல்லாமல் அந்த வேலை நடக்காது. முன்னால் போக முடியாது. பாஸ்பேட் ஒட்டிவிட்டதால் பின்னால் திரும்பி வெளியேறவும் முடியாது. அதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். எந்த இடம் அதிகமாகச் சர்க்கரை சாப்பிடுகிறதோ, அங்கே மாட்டியவர்களின் எண்ணிக்கை அதிகம். முக்கால் மணி நேரம் கழித்துப் போய்த் தலையை எண்ணினால் போதும்!

இந்த முறையை 1977-இல் முழுக் கணக்கோடு வெளியிட்டார்கள். குரங்கின் ஒரு கண்ணை மூடிவைத்து, பார்வைப் பகுதியில் இரண்டு கண்களுக்கும் உரிய பட்டைகள் மாறி மாறி இருப்பதைப் படமாகவே காட்டினார்கள். 1981-இல் ஸோகோலாஃபுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. ஆனால் ஒரு சங்கடம். அவர் பயன்படுத்திய கார்பன்-14-இன் கதிர் மண்டையோட்டைத் தாண்டி வெளியே வராது. மூளையை மெல்லிசாக நறுக்கி, பிலிமின் மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எலிக்கும் குரங்குக்கும் சரி. நம்மை நறுக்க யார் சம்மதிப்பார்கள்?

வெளியிலிருந்தே பார்க்கக்கூடிய அடையாளம் வேண்டும். அது ஃப்ளோரின்-18. நியூயார்க் அருகே புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் ஆல்ஃப்ரெட் வுல்ஃப், ஜோவன்னா ஃபௌலர், ஜப்பானிலிருந்து வந்த டாட்ஸுவோ இடோ ஆகியோர் ஃப்ளோரின்-18 பொருத்திய போலிச் சர்க்கரையைத் தயாரித்தார்கள். எஃப்.டி.ஜி. என்று அதைச் சொல்கிறோம். 1976 ஆகஸ்டில் அதை விமானத்தில் ஏற்றி பிலடெல்பியாவுக்கு அனுப்பினார்கள். ஃப்ளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிஷம்! டிராபிக்கில் நின்றால் மருந்து பாதியாகிவிடும். அங்கே மார்ட்டின் ரைவிச், டேவிட் கூல், அபாஸ் அலாவி குழுவினர் அதை முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்திப் படம் எடுத்தார்கள். இன்றைய கண்ணுக்கு அந்தப் படம் மங்கல்தான். ஆனால் விழித்திருக்கும் மனிதனின் மூளையில் எந்த இடம் எவ்வளவு சர்க்கரை எடுக்கிறது என்பதை உலகம் அப்போதுதான் பார்த்தது.

1986-இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வுக்கூடத்தில் எஃப்.டி.ஜி.யை அதிக அளவில் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் அது ஆஸ்பத்திரிகளுக்குப் பரவியது. இந்தியாவுக்கு மருத்துவ ஸைக்ளோட்ரானும் பெட் ஸ்கேனரும் 2002-இல் மும்பைக்கு முதலில் வந்தன. இன்று நம் தமிழ்நாட்டிலேயே பல ஊர்களில் ஸ்கேனர் இருக்கிறது. ஸைக்ளோட்ரான் இல்லாத ஊருக்கு விடியற்காலையில் காரில் கனமான கவசப் பெட்டி வந்து இறங்கும். பால் வண்டி மாதிரி தினமும் வரும், தினமும் தீர்ந்துவிடும். நேற்று மிச்சம் வைத்ததை இன்று ஊற்ற முடியாது.

இப்போது மெஷினுக்கு வருவோம். பெட் என்பது பாஸிட்ரான் எமிஷன் டோமோகிராஃபியின் சுருக்கம். ஃப்ளோரின்-18 சிதையும்போது ஒரு பாஸிட்ரானை வெளியே தள்ளுகிறது. அது எலக்ட்ரானின் எதிர் இரட்டை. ஒரு மில்லிமீட்டர்கூட அநேகமாகப் போகாது, பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானோடு மோதும். இரண்டும் மறைந்து, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள இரண்டு காமாக் கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் கிளம்பும். ஐன்ஸ்டைன் சமன்பாடு ஆஸ்பத்திரியில் தினமும் வேலை பார்க்கும் இடம் இது.

தலையைச் சுற்றி வளையமாகப் படிகங்கள். எதிரெதிரே இருக்கும் இரண்டு படிகங்கள் சில நானோ செகண்டுக்குள் சேர்ந்து மின்னினால், அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டின் மேல் எங்கோ ஒரு போலிச் சர்க்கரை மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். தனியாக மின்னினால் தள்ளுபடி. இப்படிக் கோடிக்கணக்கான கோடுகளைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் படத்தைக் கட்டுகிறது. மண்டையோடும் சதையும் வழியில் விழுங்கிய கதிர்களுக்கு சி.டி. ஸ்கேனை வைத்துத் திருத்தம் போடுகிறோம். கடைசியில் நாலைந்து மில்லிமீட்டர் நுணுக்கத்தில் மூளையின் சர்க்கரை வரைபடம் கிடைக்கிறது.

மாணவத் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். படம் வந்துவிட்டது, ஆனால் எண் இன்னும் வரவில்லை. மெஷின் சொல்வது ஒரு செகண்டுக்கு எத்தனை மின்னல் என்பதை மட்டும்தான். நமக்கு வேண்டியது எத்தனை மில்லிகிராம் சர்க்கரை என்பது. நடுவே ஒரு பாலம் வேண்டும். ரத்தம் ஒரு தொட்டி, திசுவில் சும்மா திரியும் எஃப்.டி.ஜி. இரண்டாவது தொட்டி, மாட்டிக்கொண்ட எஃப்.டி.ஜி. மூன்றாவது தொட்டி. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் வேகத்துக்கு ஒவ்வொரு மாறிலி. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் இதைத்தானே போட்டோம்? கையைச் சூடாக வைத்து அடிக்கடி ரத்தம் எடுத்து முதல் தொட்டியின் வரலாற்றைப் பதிவு செய்வார்கள். 1983-இல் பேட்லாக் முதலியோர் காட்டிய முறையில் வரைந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் வந்து உட்காரும். அதன் சாய்வை எடுத்து, ரத்தச் சர்க்கரையால் பெருக்கி, ஒரு மாறிலியால் வகுத்தால் விடை.

அந்தக் கடைசி மாறிலியில்தான் வில்லங்கம். உடம்பு போலிச் சர்க்கரையையும் நிஜச் சர்க்கரையையும் ஒரே வேகத்தில் நடத்துவதில்லை. அந்த வித்தியாசத்தை எல்லாம் மூட்டை கட்டி ஒரே எண்ணில் வைத்திருக்கிறார்கள். 1979-இல் அதற்கு 0.42 என்று மதிப்புக் கொடுத்தார்கள். 1985-இல் 0.52 என்றார்கள். 1998-இல் கோபன்ஹேகனில் அளந்தபோது 0.81 வந்தது. வகுக்கும் எண் இரண்டு மடங்கானால் விடை பாதியாகிவிடும் அல்லவா? ஆகவே இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முன், அவர்கள் எந்த மாறிலியைப் போட்டார்கள் என்று பாருங்கள். மூளை மாறியிருக்காது, மாறிலி மாறியிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன தெரிகிறது? அல்ஸைமர் நோயில் மூளையின் பக்கவாட்டுப் பின்பகுதியும் நடுவே உட்புறமாக இருக்கும் ஒரு பகுதியும் சர்க்கரை எடுப்பது குறைகிறது. கை கால் அசைவுக்கான பகுதி, பார்வைப் பகுதி, சிறுமூளை எல்லாம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன. நெற்றிப்பக்கம் மங்கினால் அது வேறு வகை மறதி நோய், சிகிச்சையும் குடும்பத்துக்குச் சொல்லும் அறிவுரையும் வேறு. வலிப்பு நோயில், வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த படத்தில், வலிப்பு கிளம்பும் இடம் சில சமயம் மங்கலாகத் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமே தெரியாதவர்களுக்குக்கூட இது வழி காட்டி, அறுவை சிகிச்சை செய்து குணமானவர்கள் உண்டு.

பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1987-இல் ஹாரி சுகானி குழுவினர் குழந்தைகளின் படங்களை ஆராய்ந்து சொன்னார்கள். பிறந்த குழந்தையின் மூளை பெரியவர்களைவிடக் குறைவாகத்தான் சர்க்கரை எடுக்கிறது. இரண்டு வயதுவாக்கில் பெரியவர்களை எட்டிப் பிடிக்கிறது. நாலு வயதுக்கு மேல் ஒன்பது வயது வரை ஏறக்குறைய இரண்டு மடங்கு சாப்பிடுகிறது! இருபது வயதை நெருங்கும்போது மெல்ல இறங்கி நம் அளவுக்கு வருகிறது. வீட்டில் வாண்டுகள் ஓயாமல் கேள்வி கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். மீட்டர் டபுளாக ஓடுகிற நேரம் அது.

மாணவர்களுக்கும் ஒன்று. 1992-இல் ரிச்சர்ட் ஹையர் குழுவினர் சிலரை டெட்ரிஸ் விளையாட வைத்து அளந்தார்கள். சில வாரங்கள் பழகி ஆட்டம் நன்றாக வந்தபிறகு, ஆடும்போது மூளையின் சர்க்கரைச் செலவு குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் படம் பிரகாசமாக இருந்தால் புத்திசாலி, மங்கலாக இருந்தால் மந்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மனதில் ஓடும் எண்ணத்தையும் இந்தப் படம் காட்டாது. அதனால் பயப்படாமல் படுக்கலாம்.

இனி நான் சொல்லப்போவதுதான் இன்று நான் இங்கே வந்ததற்கே காரணம். செயலாளர் அண்ணனுக்குக்கூட இது தெரியாது.

தினசரி மருத்துவத்தில் முழுத் தொட்டிக் கணக்கைப் போடுவதில்லை. அடிக்கடி ரத்தம் எடுக்க நேரமும் ஆளும் ஏது? செலுத்திய மருந்தின் அளவு, நோயாளியின் எடை, இடையில் கழிந்த நேரம் இவற்றை வைத்து ஒரு சுருக்க எண்ணைத் தருவார்கள். நேரம் எதற்கு? 110 நிமிஷத்தில் மருந்து பாதியாகிறதே, அந்தச் சிதைவைக் கூட்டிச் சரிக்கட்ட.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேனரின் கம்ப்யூட்டர் பழுதாகி, நான் போய் ஒரு போர்டை மாற்றினேன். மாற்றியதும் அதன் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விட்டது. மெஷின் கிளம்புகிறதா என்று பார்க்கும் அவசரம். ஏதோ ஒரு நேரத்தைக் குத்துமதிப்பாக அடித்தேன், அப்புறம் சரி செய்துகொள்ளலாம் என்று. மெஷின் கிளம்பிவிட்டது. மறுநாள் காலைச் சோதனையும் பாஸ். நான் ஊருக்கு வந்துவிட்டேன். கடிகாரத்தை மறந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து அங்கிருந்த டாக்டரம்மா போன் செய்தார். "ஒரு தடவை வந்து பாருங்க" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். மறதி நோய் என்று முந்தின வருஷமே தெரிந்தவர். இந்த வருஷம் எடுத்த ஸ்கேனில் எண்கள் 11 சதவீதம் குறைந்திருந்தன. நோய் முற்றிவிட்டது என்று எழுதிவிடலாம். ஆனால் டாக்டரம்மா எழுதவில்லை. "நோய் முத்தினா குறையற இடம் குறையணும், தப்பிக்கற இடம் தப்பிக்கணும். இங்க சிறுமூளை, பார்வைப் பகுதி எல்லாமே அச்சு மாதிரி ஒரே அளவு குறைஞ்சிருக்கு. ரத்தச் சர்க்கரையும் போன வருஷ அளவுதான். எனக்கு உங்க மெஷின் மேலதான் சந்தேகம்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். போய்ப் படிகங்களைச் சோதித்தேன், அளவுத்திருத்தத்தைச் சோதித்தேன். எல்லாம் சரி. வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னை டாக்டர் என்று நினைத்து எழுந்து வந்தார். அந்த ஆசிரியையின் மகள். "சார், அம்மாவுக்கு ரொம்ப மோசமாயிடுச்சா? வேலையை விட்டுட்டு கூடவே இருக்கலாம்னு நினைக்கிறேன்" என்றார். நான் இன்ஜினீயர்ம்மா, எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். உண்மையில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

டெக்னீஷியன் தம்பி ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருந்தான். ஊசி போட்டது 9.10, ஸ்கேன் ஆரம்பித்தது 9.55. கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஸ்கேன் ஆரம்பித்தது 9.37 என்றது. வயிற்றைக் கலக்கியது. என் குத்துமதிப்புக் கடிகாரம் 18 நிமிஷம் பின்தங்கியிருந்தது. அந்த அம்மா இருட்டறையில் படுத்திருந்தது 45 நிமிஷம். கம்ப்யூட்டர் கணக்கில் 27 நிமிஷம். 18 நிமிஷச் சிதைவைச் சரிக்கட்டாமல் விட்டால் எவ்வளவு குறையும்? வீட்டுக்குப் போய்க் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 11 சதவீதம்.

அந்த 11 சதவீதம் அந்த அம்மாவின் மூளையில் இல்லை. என் கடிகாரத்தில் இருந்தது.

காலைச் சோதனை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு வைக்கும் மாதிரிப் பொருள் ஜெர்மேனியம்-68. அதன் அரை ஆயுள் சுமார் 271 நாள். 18 நிமிஷம் அதற்கு ஒரு பொருட்டா? மெஷினின் கண்ணைச் சோதித்தோம், கடிகாரத்தைச் சோதிக்கவில்லை. சோதனை பாஸ் என்பதற்கு, சோதித்த விஷயம் மட்டும் சரி என்பதுதான் அர்த்தம்.

நான் டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "அந்த நாலு நாள்ல எடுத்த ஸ்கேன் அத்தனையும் திருத்திக் கொடுங்க, நாங்க மறுபடி படிக்கிறோம்" என்றார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். புற்றுநோய்க்காரர்களின் ஸ்கேன்களும் அதில் இருந்தன. திருத்திய பிறகு அந்த ஆசிரியையின் எண்கள் போன வருஷத்தை ஒட்டியே வந்தன. நோய் போய்விடவில்லை. மங்கிய இடங்கள் மங்கியே இருந்தன. ஆனால் ஒரு வருஷத்தில் பெரிதாக இறங்கவில்லை. டாக்டரம்மா மகளைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். அந்தப் பெண் வேலையை விட்டாரா, தொடர்ந்தாரா தெரியாது. ஆனால் எந்த முடிவு எடுத்திருந்தாலும் என் பிழையான எண்ணை வைத்து எடுக்கவில்லை. அதுவும் என் திறமையால் இல்லை. ஒரு டாக்டரின் சந்தேகமும், கையால் எழுதும் பழக்கத்தை விடாத ஒரு தம்பியின் நோட்டும்தான் காப்பாற்றின.

நமது இன்ஸ்ட்ருமென்டேஷன் லேபில் ஒரு சார் இருந்தார். ரீடிங் எடுக்கும் முன் ஜீரோ பார்க்கவில்லை என்றால் ரெக்கார்டில் கையெழுத்துப் போடமாட்டார். மறுபடி முதலிலிருந்து. நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே சொல்ல முடியாது, அவர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சார், அந்த ராத்திரி உங்களை நினைத்துக்கொண்டேன். அன்று நீங்கள் கையெழுத்துப் போட மறுத்தது ஒரு ஆரிஃபிஸ் மீட்டருக்காக என்று நினைத்தோம். அதில்லை என்று புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

தம்பி தங்கைகளே, நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் உங்கள் கையிலிருந்து எண்கள் கிளம்பும். எங்கேயோ ஒரு வராந்தாவில் யாரோ ஒருவர் அந்த எண்ணுக்காகக் காத்திருப்பார். அவர் முகம் உங்களுக்குத் தெரியாது. இப்போது நான் எங்கே சர்வீஸுக்குப் போனாலும் முதல் வேலையாக எல்லா அறைக் கடிகாரங்களையும் ஒன்றோடொன்று சரிபார்க்கிறேன். சில இடங்களில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உங்கள் ஒவ்வொருவர் மூளையும் இந்த அரை மணியில் இரண்டு கிராமுக்கு மேல் சர்க்கரையைச் செலவழித்துவிட்டது. நான் பேசியதைக் கேட்டாலும் அவ்வளவுதான், கேட்காமல் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான்! அந்தக் கடனைத் தீர்க்க வெளியே இலை போட்டாயிற்று. இன்றைக்கு டிவைடிங் சிஸ்டம் இல்லை, பில்லைச் சங்கமே கட்டுகிறது. வாருங்கள்.